கேங்கர் வரிசை வீடுகளின் முன்பக்கம் எது என்பது பற்றி

அனுப்புநர்:
ராகவி பிரஷாந்தன்,
பத்தாம் ஆண்டு மாணவி,
இல. 3, கேங்கர் லேன்,
கெலிக் ஜங்ஷன்,
நியூ சவுத் வேல்ஸ்.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
மரபுரிமை மற்றும் திட்டமிடல் பிரிவு,
ஹார்ட்வெல் கிறீக் நகரசபை.

பொருள்: கெலிக் ஜங்ஷன் ரயில்வே மரபுரிமைப் பாதுகாப்புப் பகுதியின் எல்லைக்குள் கேங்கர் வரிசையின் ஆறு வீடுகளையும் சேர்க்கக் கோருதல், அவ்வீடுகளின் பின்பக்கம் முன்பக்கமாகப் பதிவாகியிருப்பதைத் திருத்த, மறுபடி பார்வையிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய பணிப்பாளர் அவர்களே,

1. பாதுகாப்புப் பகுதி பற்றிய கருத்துகளை வீட்டில் பேசும் எந்த மொழியிலும் எழுதலாம், மொழிபெயர்ப்பை நகரசபையே பார்த்துக்கொள்ளும் என்று உங்கள் அறிவித்தலில் இருந்தது. அதை நம்பித் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதுவது எனக்குச் சிரமமில்லை; பாடசாலையில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் எங்கள் வரிசையில் இருப்பவர்கள் எல்லோரும் தமிழர்கள். முதலில் வீடு வாங்கி வந்தவர் ஒருவர். அவர் சொல்லித்தான் மற்றவர்கள் வந்தார்கள். கீழே ஒப்பமிட்டிருப்பவர்கள் இந்த மனுவின் ஒவ்வொரு வரியையும் வாசித்து, சிலவற்றை வெட்டச் சொல்லி, சிலவற்றைச் சேர்க்கச் சொல்லி, அதன் பிறகே பேனாவைக் கையில் எடுத்தார்கள். அவர்கள் எதை வாசித்து இணங்கினார்களோ, அதுவே உங்கள் மேசைக்கு வரவேண்டும் என்று நினைக்கிறேன்.

2. முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நகரசபையின் திட்டத்தை நான் எதிர்க்கவில்லை. கெலிக் ஜங்ஷன் சிட்னியின் மேற்கு விளிம்பில் உள்ள சிறிய ஊர். ஊர் வந்ததற்கு ரயில் தவிர வேறு காரணம் இல்லை. கல் குவாரிக்குப் போன கிளைப்பாதை இங்கேதான் பிரிந்தது. கிளைப்பாதை மூடப்பட்டு நெடுங்காலமாகிவிட்டது. ஆனால் நிலையக் கட்டடம், நடைபாலம், சரக்குக் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி நின்ற இரும்புச் சட்டம், நிலைய அதிபரின் செங்கல் வீடு எல்லாம் இன்னும் நிற்கின்றன. இவை அனைத்தையும் ஒரே எல்லைக்குள் கொண்டுவந்து பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி ஏற்பட்டது. வரைவு வரைபடம் ஊர் மண்டபத்தில் காட்சிக்கு வைக்கப்பட்ட முதல் நாளே போய்ப் பார்த்தேன்.

3. வரைபடத்தில் எல்லைக்கோடு சிவப்பு நிறத்தில் இருந்தது. அது நிலையத்தையும் அதன் தெற்குப் பக்கத்தையும் சுற்றி வந்து, தண்டவாளத்தின் வடக்கு ஓரத்தோடு நின்றுவிட்டது. வடக்கு ஓரத்துக்கு அப்பால் இருப்பது எங்கள் வரிசை. தண்டவாளத்தைப் பராமரித்த தொழிலாளர்களுக்காக ரயில்வே கட்டிய ஆறு பலகை வீடுகள் அவை. அந்தத் தொழிலாளர் குழுவின் தலைவரைக் கேங்கர் என்பார்கள். முதல் வீட்டில் அவர் இருந்ததால் வரிசைக்கும் லேனுக்கும் அந்தப் பெயர் வந்தது. மதிப்பீட்டு அறிக்கை இந்த வீடுகளை விட்டதற்கு மூன்று காரணங்களைச் சொல்கிறது: முகப்பு பெருமளவு மாற்றப்பட்டுள்ளது, விறாந்தை எதுவும் எஞ்சவில்லை, யன்னல்கள் அலுமினியத்தால் ஆனவை.

இந்த மூன்று காரணங்களும் எங்கள் வீடுகளின் பின்பக்கத்தைப் பற்றியவை. இந்த மனுவின் சாரம் இவ்வளவுதான். மீதி எல்லாம் அதற்கான விளக்கம்.

4. எல்லைக்கு வெளியே விடப்பட்டால் என்ன நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இல. 1, 2 ஆகிய இரு வீடுகளுக்கும் உரிமையாளரான திரு. வாசுதேவன் அவற்றை இடிக்க அனுமதி கேட்டு ஏற்கெனவே விண்ணப்பித்திருக்கிறார். வரிசையில் முதலில் வீடு வாங்கி வந்தவர் அவர்தான். எல்லோரும் அவரை அங்கிள் என்று அழைக்கிறோம். மற்ற நான்கு வீடுகளின் உரிமையாளர்கள் இங்கே வசிப்பதில்லை. முதல் இரண்டும் போனால் தாமும் அப்படியே செய்வதாக எங்கள் வீட்டு உரிமையாளர் முகவர் மூலம் அறிவித்துவிட்டார். நாங்கள் இல. 3இல் வாடகைக்கு இருக்கிறோம். ஆகவே இது என் குடும்பம் எங்கே வசிக்கும் என்பதையும் பற்றிய விடயம். அதை மறைத்து வெறும் வரலாற்று ஆர்வம் என்று எழுதினால் அது நேர்மையாகாது. ஆனால் என் குடும்பம் நாளையே வேறு ஊருக்குப் போனாலும் அறிக்கையில் உள்ள பிழை பிழையாகவே இருக்கும்.

5. பிழையை நான் கண்ட விதம் பின்வருமாறு. அறிக்கையின் பிரதி மண்டபத்து மேசையில் கிடந்தது. என் தாயார் யோகாவும் நானும் எங்கள் வரிசை பற்றிய பக்கத்தைத் திறந்தோம். அதில் ஒரு படம், படத்தின் கீழே “இல. 3, முன்புறத் தோற்றம்” என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. படத்தில் இருந்தது எங்கள் வெளிக் குசினி. பொரிக்கும்போது வீட்டுக்குள் மணம் வராமல் இருக்க அப்பா தகரத்தால் அடித்துத் தந்தது. காஸ் அடுப்பும், எண்ணெய் டின்னும், கைப்பிடித் துணியும் தெளிவாகத் தெரிந்தன. அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, “ஐயோ, இதைப் போட்டிருக்கினம். துணியையாவது எடுத்திருக்கலாம்” என்றார். எனக்கு வேறு ஒன்று உறுத்தியது. ரயில்வே ஒரு வீட்டைக் கட்டும்போது அதன் முன்புறத்தைக் குப்பைவண்டி வரும் லேனைப் பார்க்க ஏன் வைக்கும்?

6. மதிப்பீட்டாளரைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார்; எங்கள் பக்கத்திலிருந்து போன பதில்தான் அவரைத் தவறான பக்கத்தில் நிறுத்தியது. அது எப்படி என்று விளக்குகிறேன்.

எங்கள் வீடுகளுக்கு இரண்டு வாசல்கள். தண்டவாளத்தைப் பார்ப்பது தெற்கு வாசல்; லேனைப் பார்ப்பது வடக்கு வாசல். தமிழர்களில் பெரும்பாலோர் தெற்கு வாசலைத் தலைவாசலாக வைத்துக்கொள்ள விரும்புவதில்லை. அது யமனுடைய திசை என்பார்கள். வடக்கு வாசல் நல்லது என்பார்கள். ஆகவே குடிபுகுந்த நாளில் வடக்குக் கதவால்தான் பால் காய்ச்ச உள்ளே போனார்கள். மாவிலை கட்டுவது, கோலம் போடுவது, செருப்பு கழற்றுவது, கார் நிறுத்துவது எல்லாம் அந்தப் பக்கம். வேறு காரணங்களும் உண்டு. தெற்குப் பக்கத்தில் ரயில்வே உயரமான வேலி போட்டுவிட்டதால் அந்த வழியாக எங்கும் போக முடியாது. இந்த நாட்டில் வெயில் வடக்கிலிருந்து விழுவதால் குளிர்காலத்தில் லேன் பக்கம்தான் இதமாக இருக்கும். இல. 6இல் இருக்கும் வேதவல்லி அன்ரி தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். அவரிடம் கேட்டபோது, “ஆமா, அந்தப் பக்கம் ஒரு வாசல் இருக்குன்னே ரொம்ப நாள் எங்களுக்குத் தெரியாதும்மா. ஏஜென்ட் இந்தக் கதவுச் சாவியைத்தான் குடுத்தாரு” என்றார்.

7. மதிப்பீட்டாளர் வந்தது ஒரு சனிக்கிழமை. நான் அப்போது தமிழ்ப் பாடசாலையில் இருந்தேன். நடந்ததைப் பிறகு கேட்டு அறிந்தேன். சொன்னவர்களின் அனுமதியுடன் அவர்கள் பேச்சை அப்படியே தருகிறேன்.

நகரசபையிலிருந்து ஆள் வருகிறது என்றதும் வரிசை முழுவதும் முதல் நாளே துப்புரவு செய்தார்கள். லேன் பக்கத்தைக் கழுவினார்கள். புதிய கோலம் போட்டார்கள். பார்க்க அழகில்லாத பொருட்களை எல்லாம், அதாவது பழுதடைந்த சைக்கிள், கால் உடைந்த கதிரை, வெறும் அரிசிப் பைகள், இல. 5இன் பழைய பிரிட்ஜ் ஆகியவற்றை, தெற்குப் பக்கம் கொண்டுபோய் விறாந்தையில் அடுக்கினார்கள். வீட்டுக்கு விருந்தினர் வந்தால் எந்தத் தமிழ்க் குடும்பமும் செய்யும் வேலைதான் இது. ஆனால் இதனால் விருந்தினர் பார்க்க வந்த இடமே மறைந்துபோனது.

மதிப்பீட்டாளரான அம்மணி காரில் வந்து லேனில் இறங்கினார். வாசுதேவன் அங்கிள் வரவேற்றார். “அவ கேட்டவ, இதுதானே வீட்டின்ர முன்பக்கம் எண்டு. நான் ஓம் எண்டு சொன்னனான். என்ர வீட்டுக்கு முன்பக்கம் எது எண்டு எனக்குத் தெரியாதே?” என்று அங்கிள் என்னிடம் சொன்னார். பிறகு அந்த அம்மணி மறுபக்கத்தையும் ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். அங்கிள், அங்கே ஒன்றுமில்லை, பழைய சாமான்கள்தான் என்றாராம். இல. 5இல் இருக்கும் சிவாஜினி அன்ரி அந்த நேரம் தேநீரும் வடையும் கொண்டு வந்தார். நான் அவரிடம், அந்த அம்மணியைத் தெற்குப் பக்கம் கூட்டிப் போயிருக்கலாமே என்று கேட்டேன். “வந்த மனுசியைக் குப்பைக்குள்ளால கூட்டிக்கொண்டு போறதே? என்ன பிள்ளை கதைக்கிறாய்? அவ மூண்டு வடை சாப்பிட்டவ, தெரியுமோ” என்றார்.

ஆகவே அறிக்கையின் வாசகம் மதிப்பீட்டாளருக்குக் காட்டப்பட்டதன் சரியான விவரமே. காட்டப்பட்டதுதான் வேறு பக்கம்.

8. இனி தெற்குப் பக்கத்தில் இருப்பவற்றைக் குறிப்பிடுகிறேன். பொருட்களை ஒதுக்கிவிட்டு ஒவ்வொரு வீட்டிலும் உள்ளவர்களின் அனுமதியுடன் நானே பார்த்தேன்.

ஆறு வீடுகளிலும் விறாந்தை முழுமையாக இருக்கிறது. தூண்கள் மரம், கூரை வளைந்த தகரம். விறாந்தைக் கூரையைத் தாங்கும் மரத் தாங்கிகளில், நிலைய மேடைக் கூரையின் தாங்கிகளில் உள்ள அதே இலை வடிவ வெட்டுவேலை இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா என்று பார்க்க, மெல்லிய தாளை நிலையத்துத் தாங்கியில் வைத்துப் பென்சிலால் பிரதி எடுத்து, வீட்டுத் தாங்கியில் பொருத்திப் பார்த்தேன். ஓரம் பிசகாமல் பொருந்தியது. அந்தத் தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். (மேடையில் நான் ஏணி வைத்து ஏறி நின்றதைப் பார்த்த நிலைய ஊழியர் ஏதும் காணாமல் போய்விட்டதா என்று கேட்டார். விளக்கம் சொன்னதும் ஏணியைப் பிடித்துத் தந்தார்.)

கதவுகளுக்கு மேலே வெள்ளை எனாமல் தகட்டில் வீட்டு எண்கள் இருக்கின்றன. லேன் பக்கத்தில் இருப்பவை கடையில் வாங்கி ஒட்டியவை. யன்னல்கள் மேலும் கீழும் தள்ளித் திறக்கும் மரச்சட்ட யன்னல்கள். அலுமினியம் ஒன்றுகூட இல்லை. அத்துடன் ஒவ்வொரு முன் அறையிலும், விறாந்தையின் கிழக்கு ஓரமாக, மிக ஒடுங்கிய யன்னல் ஒன்று உள்ளது. எங்கள் வீட்டில் என் படிப்பு மேசை அதற்கு அருகில்தான் இருக்கிறது. அது ஏன் அவ்வளவு ஒடுக்கமாக, அப்படி ஒரு மூலையில் இருக்கிறது என்று எனக்கு முன்பு விளங்கவில்லை. அதனூடாகப் பார்த்தால் வளைவில் உள்ள சமிக்ஞைக் கம்பம் மட்டும் தெரியும். வீட்டுக்குள் இருந்தபடியே தொழிலாளர்கள் சமிக்ஞையைப் பார்ப்பதற்காக வைக்கப்பட்டது என்று நினைக்கிறேன். இது என் ஊகமே. நிபுணர்கள் சொல்ல வேண்டும்.

9. வீடுகள் ஏன் தண்டவாளத்தைப் பார்க்கின்றன என்பதற்கு விடை நகர நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பகுதியில் இருந்த சாதாரண நூல்களிலேயே கிடைத்தது. கட்டிய காலத்தில் தொழிலாளர்கள் வேலைக்குப் போனதும் வந்ததும் தண்டவாள ஓரத்தால்தான். வீட்டுக்குத் தேவையான பொருட்களும் ரயிலிலேயே வந்தன. லேன் எதற்காக இருந்தது என்றால், மலவாளி எடுக்கும் வண்டி இரவில் வந்துபோவதற்காக. இல. 4இன் மூலையில் அதற்கான சிறு கதவு வைத்த செங்கல் அறை இன்னும் இருக்கிறது. அதற்குள் இப்போது வெங்காயம் வைக்கிறார்கள். இதை நான் சொன்ன பிறகு வாசுதேவன் அங்கிள் சில நாட்கள் தலைவாசலில் மாவிலை கட்டவில்லை. “இதைக் கண்டுபிடிக்கத்தான் நூலகத்துக்குப் போனனியோ?” என்று கேட்டார். இப்போது மறுபடி கட்டியிருக்கிறார்.

10. கெலிக் ஜங்ஷனில் சிவப்புக் கோட்டுக்குள் இருக்கும் கட்டடங்கள் பலவும் மனிதர்கள் பயன்படுத்தியதால் மாறியிருக்கின்றன. நிலைய அதிபரின் வீடு பல் வைத்தியசாலையாகி, முன்சுவரில் பெரிய கண்ணாடி யன்னல் வந்திருக்கிறது. சரக்குக் கொட்டகைக்கு உருட்டுக் கதவு போட்டிருக்கிறார்கள். அவற்றை விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் வரிசையின் முகப்பு அவற்றைவிடக் குறைவாகவே மாறியிருக்கிறது. காரணம் எளிமையானது: வெளியே அந்தப் பக்கத்தில் யாரும் புழங்கவில்லை. எங்கள் குடும்பங்கள் செய்த மாற்றங்கள் எல்லாம், வெளிக் குசினி, கார்க் கொட்டகை, ஓடு பதித்த படிகள், அலுமினிய யன்னல்கள், வடக்கே நடந்தன. தெற்கே ஆணி அடிக்கக்கூட ஒருவருக்கும் தேவை வரவில்லை. வெயிலும் அந்தப் பக்கம் படாததால் பலகைகள் வெடிக்கவில்லை. தெற்கு வாசலைத் தவிர்த்த வழக்கம்தான் மதிப்பீட்டைப் பிழையாக்கியது. முகப்பைப் பழுதில்லாமல் வைத்திருந்ததும் அதே வழக்கம்தான்.

11. அந்த முகப்பைப் பார்ப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிலைய மேடையிலிருந்து பார்த்தால் சரக்குக் கொட்டகை மறைக்கும். வேலி முழுவதும் பாஷன் பழக்கொடி படர்ந்திருக்கிறது. சிட்னியிலிருந்து வரும் இரண்டு தட்டு ரயிலில் மேல்தட்டில், வலது பக்க யன்னலோரம் இருந்தால், நிலையத்துக்குச் சற்று முன்னால் வளைவில் ஆறு விறாந்தைகளும் வரிசையாகத் தெரியும். நான் நாள்தோறும் பாடசாலை முடிந்து அப்படித்தான் வருகிறேன். என் தாயார் ரயிலில் கார்ட் ஆக வேலை செய்கிறார். அவரிடம் கேட்டேன். “எத்தினை தரம் அந்த வளைவால வந்திருப்பன். ஆரோ பழைய ஆக்களின்ர வீடு எண்டுதான் நினைக்கிறது. எங்கட வீடு எண்டு மனதில வாறதில்லை” என்றார்.

12. இப்போது எங்கள் மத்தியில் உள்ள கருத்து வேறுபாட்டையும் எழுத வேண்டும். எல்லோரும் ஒரே மனதுடன் கேட்கிறோம் என்று எழுதினால் அது உண்மையாகாது.

வாசுதேவன் அங்கிளின் மகள் தர்சினி அக்கா மெல்பேர்னில் கிளென் வேவர்லியில் இருந்தார். இப்போது பிள்ளைகளுடன் பெற்றோரிடம் வந்து சேரவிருக்கிறார். அங்கிள் என் அம்மாவிடம் சொன்னது: “ரெண்டு அறையுக்க எத்தினை பேர் படுக்கிறது, யோகா? ரெண்டு வளவையும் சேர்த்து ஒரு பெரிய வீடு கட்டினா எல்லாரும் ஒண்டா இருக்கலாம். இந்தப் பலகை வீட்டை வைச்சு நான் என்ன மியூசியமோ நடத்துறது?” அவருடைய தேவை நியாயமானது. அவர் பேராசையால் இடிக்கிறார் என்று யாராவது உங்களிடம் சொன்னால் தயவுசெய்து நம்ப வேண்டாம். நாங்கள் வந்த புதிதில் வீட்டு வாடகை முகவரிடம் எங்களுக்காகப் பேசியவர் அவர்தான்.

நான் மனு எழுதப் போகிறேன் என்று அவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். தெரியாமல் செய்வது சரியில்லை என்று பட்டது. அவர் கோபிக்கவில்லை. “நீ மனு எழுது. நான் எதிர்த்து எழுதுறன். ஆனா உன்ர தமிழ் நல்லாயிருக்கும், என்னுடையதையும் நீயே எழுதித் தா” என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தேன். அவருடைய ஆட்சேப மனு உங்களுக்குத் தனியாக வந்திருக்கும். அதில் உள்ள தமிழில் பிழை இருந்தால் அது என்னுடையது, கருத்துகள் அவருடையவை.

என் தாயார் முதலில் ஒப்பமிட மறுத்தார். “ஒரே லேனுக்க இருக்கிறம். நாளைக்கு விடிஞ்சா அவற்ற முகத்திலதான் முழிக்க வேணும்” என்றார். இந்தப் பந்தியை நான் எழுதி அவருக்கும் அங்கிளுக்கும் வாசித்துக் காட்டிய பிறகே சம்மதித்தார்.

13. இந்த இரண்டு தேவைகளும் ஒன்றுக்கொன்று முழுமையாக எதிரானவை அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. வரைவுத் திட்டத்தின் விதிகளை வாசித்தேன். பாதுகாப்புப் பகுதிக்குள் உள்ள வீடுகளில் முகப்பையும் கூரையின் வடிவத்தையும் மாற்றக் கூடாது. ஆனால் முகப்பிலிருந்து தெரியாதபடி பின்பக்கத்தில் அறைகளைச் சேர்க்கலாம் என்று அதில் இருக்கிறது. லேன் பக்கத்தை முகப்பு என்று கொண்டால், எங்கள் வளவில் கட்டுவதற்கு இடமே இல்லை. ஏனெனில் எஞ்சியிருப்பது வேலி வரையுள்ள சிறிய துண்டு நிலம். தண்டவாளப் பக்கமே முகப்பு என்று சரியாகப் பதிந்தால், லேன் வரையுள்ள நீண்ட வளவு முழுவதும் பின்பக்கமாகிவிடும். அங்கே பெரிய குசினியும், அறைகளும், தேவையானால் இரு வீடுகளையும் இணைக்கும் கூடமும் கட்டலாம் என்பது என் வாசிப்பு.

அங்கிளிடம் இதைச் சொன்னபோது, “சட்டத்தரணியோ நீர்? முதல்ல பத்தாம் ஆண்டை முடிச்சிட்டு வாரும்” என்றார். பிறகு அவர் வளவின் நீளத்தைக் காலால் அளந்துகொண்டிருந்ததை அம்மா கண்டார். ஆனாலும் அவருக்கு இரண்டு மாடி வேண்டும். விதிகள் அதை அனுமதிக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல அவருக்கு நான் சொல்லவில்லை. நகரசபை அதிகாரி ஒருவர் அவருடன் இருந்து, எது முடியும், எது முடியாது என்று பொறுமையாக விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும். அவர் ஆங்கிலம் நன்றாகப் பேசுவார். ஆனால் அதிகாரிகள் முன்னால் எல்லாவற்றுக்கும் ஓம் என்று சொல்லிவிடுவார். ஆகவே விளங்கியதா என்று கேட்காமல், என்ன விளங்கியது என்று கேட்கும்படி வேண்டுகிறேன்.

14. எனவே பின்வருவனவற்றைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, எல்லையை இறுதியாக்கும் அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன்னர், கேங்கர் வரிசையைத் தெற்குப் பக்கத்திலிருந்து மறுபடி பார்வையிட ஏற்பாடு செய்ய வேண்டும். முடிந்தால் அதே அம்மணியை அனுப்புங்கள். அவருடைய உழைப்பை இன்னொருவர் வந்து பிழை என்று சொல்வதைவிட, அவரே பார்த்துத் திருத்துவது முறையாக இருக்கும். ரயிலில் வந்தால் நான் நிலையத்தில் காத்திருப்பேன்.

இரண்டாவது, அறிக்கையில் “முன்புறத் தோற்றம்” என்று உள்ள படத்தை நீக்கி, சரியான படத்தைச் சேர்க்க வேண்டும். என் தாயாரின் தனிப்பட்ட வேண்டுகோளும் இதுவே.

மூன்றாவது, மறுபார்வையில் நான் எழுதியது சரியென்று கண்டால், எல்லைக்கோட்டைத் தண்டவாளத்தின் வடக்கே லேன் வரை நகர்த்தி, ஆறு வீடுகளையும் பாதுகாப்புப் பகுதிக்குள் சேர்க்க வேண்டும். நிலையத்தையும் பாலத்தையும் கொட்டகையையும் காத்துவிட்டு, தண்டவாளத்தைச் சரியாக வைத்திருந்த மனிதர்கள் படுத்து எழும்பிய இடத்தை மட்டும் விட்டுவிட்டால், ரயில்கள் தாமாகவே ஓடின என்று பின்னால் வருபவர்கள் நினைக்கக்கூடும்.

நான்காவது, அதுவரை இல. 1, 2 பற்றிய இடிப்பு விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்காமல் இருக்க வேண்டும். அத்துடன் அந்த வீடுகளை எப்படி விரிவாக்கலாம் என்று உரிமையாளருக்கு ஆலோசனை வழங்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்தே கேட்கிறோம். முடிவை மட்டும் தள்ளிவைத்து ஆலோசனையை விட்டால், அவருடைய பேரப்பிள்ளைகள் வரும்போது படுக்க இடம் இருக்காது.

15. நான் வாக்களிக்கும் வயதை அடையவில்லை. ஆகவே என் பெயருக்குக் கீழே வரிசையில் குடியிருக்கும் பெரியவர்கள் ஒப்பமிட்டிருக்கிறார்கள். வந்து பார்த்த பிறகும் நகரசபை வேறு முடிவுக்கு வந்தால், அதன் காரணங்களை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள், ஏற்றுக்கொள்ள முயல்வோம். பார்க்காத பக்கத்தைப் பற்றிய முடிவை மட்டும் ஏற்பது கடினமாக இருக்கும். தங்கள் வேலைகளுக்கிடையே இவ்வளவு நீண்ட மனுவை வாசித்ததற்கு நன்றி கூறி, தங்கள் வருகைக்கான நாளை எதிர்பார்க்கிறோம்.

இடம்: கெலிக் ஜங்ஷன்
திகதி: 14 மார்ச் 2025

இவ்வண்ணம் பணிவுடன்,
(ஒப்பம்) ராகவி பிரஷாந்தன்

உடன் ஒப்பமிட்டோர்:
யோகா பிரஷாந்தன், பிரஷாந்தன் (இல. 3)
ஆரூரன் (இல. 4)
சிவாஜினி (இல. 5)
வேதவல்லி நரசிம்மன் (இல. 6)

இணைப்பு: தாங்கி வடிவத்தின் பென்சில் பிரதி ஒன்று, தெற்குப் பக்கப் படங்கள்.

சாட்சிக் குறிப்பு: இல. 1, 2 உரிமையாளர் சொல்ல, ராகவி எழுதியது.

மேலே உள்ள மனுவில் நான் ஒப்பமிடவில்லை. என்னுடைய ஆட்சேபம் அப்படியே இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அந்த அம்மணி முன்பக்கம் எது என்று கேட்டபோது நான் காட்டியது பின்பக்கம். தெரிந்து செய்யவில்லை. அவர் திரும்பி வந்தால் இரண்டு வீட்டின் தெற்குக் கதவையும் நானே திறந்து விடுவேன். பார்த்து முடிந்ததும் அதே விறாந்தையில் அவரை இருத்தி, இதை ஏன் இடிக்க வேண்டும் என்று நினைக்கிறேன் என்பதையும் சொல்லுவேன். இரண்டையும் அவர் எழுதிக்கொள்ளட்டும்.

(ஒப்பம்) வாசுதேவன்